இருபது தாய்ச்செடிகள்

நீங்கள் பொய் சொன்னீர்கள். போன மாதம் ஹோட்டல் மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "ஒருநாள் காலையில் எங்கள் தோட்டத்துக்குப் போனேன். வெட்டிவிட்ட சாய் சிம் கீரைச் செடி ஒன்று தானாகவே துளிர்த்திருந்தது. அந்த ஒரே செடியிலிருந்துதான் எங்கள் புது ரகம் பிறந்தது" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். கம்பெனி டி-ஷர்ட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தட்டவில்லை.

அந்தக் காலையில் நீங்கள் அங்கே இல்லவே இல்லை. அந்தச் செடிகளை வெட்டியவள் நான். வெட்டச் சொன்னவர் நீங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். தெம்பனிஸ் வட்டாரத்தில் பலமாடிக் கார் நிறுத்தம் ஒன்றின் மொட்டைமாடியில் எங்கள் கீரைத் தோட்டம் இருக்கிறது. மேடையில் பேசியவர் அதன் முதலாளி. நம் ஆள்தான், தமிழர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் அங்கே செடிக்குத் தண்ணீர் விடுகிறேன், அறுக்கிறேன், பொட்டலம் கட்டுகிறேன். அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கும் மேலாக எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை. கம்பெனி வேறு நாட்டுக்குப் போனது, நான் மாடிக்குப் போனேன். இதை எழுதிய பிறகு அந்த வேலையும் இருக்குமா என்று தெரியாது. இருந்தால் இருக்கட்டும்.

சாய் சிம் தெரியாதவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது. மீ நூடுல்ஸ் சூப்பில் பச்சையாக இரண்டு தண்டு கிடக்குமே, அதுதான். அது வெயில் தாங்காது. எங்கள் மாடியோ கான்கிரீட். மேலே சூரியன் காய்ச்சும், கீழே தரை காய்ச்சும். வாங்கிப் போட்ட விதையில் முளைத்ததெல்லாம் மத்தியானம் ஆனால் தலையைத் தொங்கப் போட்டுவிடும், தண்டு பென்சில் மாதிரி ஒல்லியாக நீளும். இதற்காகத்தான் தமிழ்நாட்டிலிருந்து புது விதை ரகம் உருவாக்கும் நிபுணர் ஒருவரை, பிரீடர் என்பார்கள், முதலாளி வரவழைத்தார். முப்பத்திரண்டு வயதுப் பெண். ஊரில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு வருட ஒப்பந்தம். அதற்குள் இந்த மாடியின் சூட்டைத் தாங்குகிற விதையைக் கொடுத்தால் ஒப்பந்தம் தொடரும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு அவளை முதலில் பிடிக்கவில்லை. ஜாலான் புசார் பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். முதல் நாளே அங்கிருந்த ஹார்ட்வேர் கடையில் ஒரு பெரிய உருண்டை ராஃபியா பிளாஸ்டிக் கயிறும், பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்கள் நாலைந்தும் வாங்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினாள். மாடி முழுக்க வரிசையாக வைத்திருந்த செடிப்பெட்டிகளுக்கு நடுவே கயிற்றைக் கட்டி, மொத்த இடத்தையும் பத்துக் கட்டமாகப் பிரித்தாள். நடக்கவே முடியவில்லை. நான் இரண்டு தடவை தடுக்கினேன்.

"இது என்னம்மா, பாண்டி ஆட்டமா?" என்றேன்.

"ஆமாக்கா. நீங்க நொண்டி அடிங்க, நான் பாக்குறேன்."

வாய் இருந்தது அவளுக்கு. அப்புறம்தான் கொஞ்சம் பிடித்தது.

செடிகள் மொட்டு விடும் நேரத்தில் நல்லதாகப் பார்த்து எடுக்கச் சொன்னாள். இருபது வருடம் தரம் பார்த்த கண் எனக்கு. மளமளவென்று இருபது செடியைக் காட்டினேன். எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தவை. அவள் சிரித்தாள்.

"அக்கா, தொட்டி நிழல் மத்தியானத்துக்கு மேல எங்க விழுது?"

"அங்கதான்."

"அப்ப இது செடியோட கெட்டிக்காரத்தனம் இல்ல. இடத்தோட அதிர்ஷ்டம். நிழல்ல நிக்கறவள நிழல்ல நிக்கறவளோட ஒப்பிடுங்க. மேற்குச் சுவர்ப் பக்கம் வெந்துட்டு நிக்குது பாருங்க, அதுல எது நல்லா இருக்கு? அது குட்டையா இருந்தாலும் பரவால்ல. அங்க ரெண்டு எடுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு."

ஃபேக்டரியில் எனக்கு ஒரே அளவுகோல்தான். அதற்குக் கீழே இருந்தால் ரிஜெக்ட். எந்த மெஷினிலிருந்து வந்தது, ஏசி வேலை செய்ததா என்று யாரும் கேட்டதில்லை. இவள் கேட்டாள். கீரையிடம் கேட்டாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது. இதை அவளிடம் சொன்னதில்லை. எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது.

பத்துக் கட்டம், கட்டத்துக்கு இரண்டு, ஆக இருபது தாய்ச்செடி. ஒவ்வொன்றின் தண்டிலும் சிவப்பு ராஃபியாவைக் கட்டினாள். இவை பூத்து, தங்களுக்குள் கலந்து, விதை விட வேண்டும். அந்த விதையை விதைத்து, அதில் மறுபடி இருபதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி கலந்து, மறுபடி விதைத்து. இதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் இருக்கிறது. திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பது, அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு நாலு மாதம் ஆகும். நாலு சுற்று போனால்தான் ஏதாவது தெரியும் என்றாள். இரண்டு வருடத்தில் வீணாக்க ஒரு வாரம்கூட அவளிடம் இல்லை.

அந்த நேரம் பார்த்து நீங்கள் ஒரு புதன்கிழமை வந்தீர்கள். அவள் அன்றைக்கு வேலை அனுமதி விஷயமாக அரசாங்க அலுவலகம் போயிருந்தாள்.

"அண்ட்டி, லஞ்சுக்கு கெஸ்ட் வராங்க லா. நம்ம சாய் சிம் சமைச்சுப் போடணும். பெஸ்ட் வேணும்."

"எது பாஸ்?"

"ரெட் கட்டியிருக்கே, அதான பெஸ்ட்? அதையே கட் பண்ணுங்க."

நான் வெட்டினேன். இதில் என் தப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். மீனும் கீரையும் விற்கும் ஈரச்சந்தையில் நல்ல கீரைக் கட்டைத்தான் ராஃபியாவால் கட்டி முன்னால் வைப்பார்கள். என் புத்தியும் அப்படித்தான் போனது. அதோடு சாய் சிம் ஒரு வம்பு பிடித்த கீரை. முதல் பூ மலரும் சமயத்தில்தான் அதைத் தின்ன வேண்டும், அப்போதுதான் ருசி. விதைக்கு விட வேண்டியதும் அதே சமயம்தான். அதனால் யார் பார்த்தாலும் அந்த இருபதும் "என்னைச் சமை" என்றுதான் நின்றுகொண்டிருந்தன.

இருபதும் உங்கள் விருந்தாளிகளின் தட்டுக்குப் போயின. நன்றாக இருந்தது என்று சொன்னார்களாம். இருக்காதா?

அவள் மறுநாள் காலை வந்தாள். கட்டம் கட்டமாக நடந்தாள். நான் தொட்டிக்குப் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், பாரம் குறைந்திருக்கும். அவள் ஒரு பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வெட்டிய தண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாருக்கா வெட்டினா?"

"நான்தான். பாஸ் சொன்னாரு."

"ஏன் இவ்வளவு மேல வெட்டியிருக்கீங்க?"

"இடுப்பு வலிம்மா. குனிய முடியல."

"உங்க இடுப்புக்கு நான் கோயில் கட்டுறேன்" என்றாள்.

அடியில் மூன்று நாலு இலை மிச்சம் இருந்தது. அந்த இலைகளின் கக்கத்தில் மறுபடி துளிர் வரலாம் என்றாள். வரும் என்று சொல்லவில்லை, வரலாம் என்றாள். நிழல் வலையை அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் இழுத்துக் கட்டுவாள் என்று பார்த்தேன். கட்டவில்லை. "வெயில்ல துளிர்க்கறவதான் எனக்கு வேணும்" என்றாள். தண்ணீரும் எல்லாவற்றுக்கும் விட்ட அளவுதான். பத்து நாள் தினமும் காலையில் எனக்கு முன்னால் வந்து நின்றாள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி மாடிக்கு வரும்போது அவள் ஏற்கெனவே குந்தியிருப்பாள்.

பதினான்கு துளிர்த்தன. ஆறு அழுகிப் போயின.

"பதினாலு போதாதா?" என்றேன்.

போதாதாம். குறைவான தாய்களை வைத்தால் இரண்டு மூன்று சுற்றில் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமாகி, சோர்ந்துவிடும் என்றாள். செத்துப்போன ஆறும் எந்தக் கட்டங்களில் இருந்தனவோ, அந்தக் கட்டங்களில் அடுத்த நிலையில் இருந்த செடிகளைத் தேடினாள். தேடியதும் அப்படியே சேர்த்துக்கொள்ளவில்லை. கத்தியை என்னிடம் கொடுத்தாள்.

"இவங்களையும் அதே உயரத்துல வெட்டுங்க. மத்தவங்க எழுதின பரீட்சைய இவங்களும் எழுதணும்ல?"

செத்தது ஒன்றுக்கு மூன்றாகப் பதினெட்டை வெட்டினேன். துளிர்த்தவற்றில் ஆறை எடுத்தாள். மறுபடி இருபது. அன்றைக்குத்தான் அவள் வேலையே மாறியது. இனிமேல் ஒவ்வொரு சுற்றிலும் வெயில் தாங்குகிறதா என்று பார்ப்பதோடு, ஒரு தடவை வெட்டி, மறுபடி துளிர்க்கிறதா என்றும் பார்ப்பது என்று முடிவெடுத்தாள். ஒரு விதை, இரண்டு அறுவடை. உங்கள் விருந்துச் சாப்பாடு கெடுத்த வேலையை அவள் இப்படித் திருப்பிப் போட்டாள். மேடையில் நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்களே, அது இதுதான்.

பூத்தபோது அந்தப் பெயின்ட் பிரஷ்கள் எதற்கென்று தெரிந்தது. மொட்டைமாடியில் தேனீயை நம்ப முடியாது. இருபதையும் வலைக்கூண்டுக்குள் சேர்த்து வைத்து, காலை எட்டு மணியிலிருந்து பிரஷ்ஷால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடவினோம். வரிசை மாற்றி மாற்றித் தடவ வேண்டும். யாரும் யாரோடும் சேராமல் போகக் கூடாது. "கல்யாணத் தரகர் வேலைக்குத்தான் மாஸ்டர்ஸ் படிச்சியா?" என்று கேட்டேன். "எனக்கே ஒண்ணும் அமையல, பாருங்க" என்றாள்.

விதை எடுத்தபோது சண்டை போட்டோம். ஒரு செடி அள்ளிக் கொடுத்திருந்தது, ஒன்று கஞ்சத்தனமாகக் காய்த்திருந்தது. அவள் எல்லாவற்றிலிருந்தும் ஸ்பூனால் ஒரே அளவாக எடுத்தாள். கஞ்சச் செடியால் எவ்வளவு தர முடியுமோ அதுதான் எல்லோருக்கும் அளவு.

"நல்லதுல இருந்து நிறைய எடும்மா. கிறுக்கா உனக்கு?"

"அவ நிறைய விதை விடறதுல கெட்டிக்காரி. ஆனா துளிர்க்கறதுல அந்தக் கஞ்சந்தான் முதல்ல. ஒருத்தி வெயில் தாங்குவா, ஒருத்திக்குத் தண்டு தடிக்கும், ஒருத்தி சீக்கிரம் துளிர்ப்பா. எல்லாம் கலந்துட்டே இருந்தாதான் ஒருநாள் ஒரே செடில சேரும். நீங்க ஃபேக்டரில ஒரே மாதிரி சர்க்யூட் போர்ட ஆயிரம் செஞ்சீங்க. நான் ஒரு ஊரையே வளர்க்கறேன்க்கா."

ஒவ்வொரு சுற்றின் விதையிலும் பாதியை விதைத்தாள், பாதியைக் காயவைத்து டப்பாவில் போட்டு அலுவலக ஃபிரிட்ஜில் வைத்தாள். உங்கள் ஐஸ் காப்பிக்கு இடமில்லை என்று நீங்கள் இரண்டு தடவை சத்தம் போட்டீர்கள்.

நாலு சுற்று இப்படிப் போனது. சொல்லிக் காட்ட ஒன்றுமில்லாத மாதங்கள் அவை. சுற்றுக்குச் சுற்று என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்ததாக அவள் சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு பெரிய செடி முளைத்தால் நான் ஓடிப் போய்க் காட்டுவேன். எந்தக் கட்டம் என்றுதான் முதலில் கேட்பாள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள். தீபாவளி அன்று தேக்கா கடைத்தெருவில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருக்க, இவள் பூவுக்கு லீவு கிடையாது என்று மாடியில் பிரஷ் பிடித்தாள். நான் வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கையால் தின்றாள்.

கடைசியில் பரீட்சை. ஃபிரிட்ஜில் இருந்த ஐந்து டப்பாவையும் எடுத்தாள். ஆரம்பத்தில் வாங்கிய விதை, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நாலாம் சுற்று விதைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்து, கலைத்துக் கலைத்து மாடி முழுக்க வைத்தாள். பெட்டிகளில் எண் மட்டும்தான். எது எந்தச் சுற்று என்பது அவள் நோட்டில் மட்டும் இருந்தது. எடை போட்டது நான். அவள் தராசுப் பக்கமே வரவில்லை. முதல் வெட்டு, இரண்டாம் வெட்டு, இரண்டும் முடிந்த பிறகுதான் நோட்டைத் திறந்தாள்.

வாங்கிய விதை மத்தியானம் படுத்துவிட்டது. முதல் சுற்று கொஞ்சம் தேவலை. இரண்டாவது இன்னும் கொஞ்சம். நாலாவது சுற்று, மேற்குச் சுவரோரம், மூன்று மணி வெயிலில், தண்டு விரல் தடிமனில் நின்றது. வெட்டிய பிறகு மறுபடி வந்து நின்றது. தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத வித்தியாசம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தெரிந்தது. கீரைக்குப் போய் அழுவதா என்று குழாயைத் திறந்து முகம் கழுவினேன்.

மூன்றாவது சுற்று மட்டும் இரண்டாவதைவிட ஒரு இம்மியும் மேலே போகவில்லை. அவள் எடைகளை கிராஃபாகப் போட்டு, சுற்றுக்கு ஒரு பெட்டியை வரிசையாக வைத்திருந்தாள். நீங்கள் போட்டோ எடுக்க வந்தபோது அந்த மூன்றாவது பெட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னீர்கள்.

"இது கிராஃப் அழகைக் கெடுக்குது லா. ரிமூவ் பண்ணிடுங்க."

"முடியாது சார். அந்தச் சுற்று மழை மாசத்துல வந்துச்சு. வெயிலே இல்ல. வெயில் தாங்கறவ யாருன்னு எனக்குத் தெரியல, தப்பாத் தேர்ந்தெடுத்துட்டேன். அத எடுத்தா மத்த நாலும் பொய்யாயிடும்."

தன் ஒப்பந்தம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம், தான் தப்புச் செய்த இடத்தைக் காட்டி, அதை மறைக்க மாட்டேன் என்று சொன்னாள். அப்படிப் பேசுகிற இன்னொரு மனிதரை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒப்பந்தம் தொடராது என்றீர்கள். "விதை ரெடி. இனிமே பிரீடர் எதுக்கு?" என்றீர்கள். விதையைக் கொடுத்தால் ஒப்பந்தம் தொடரும் என்று சொன்னது நீங்கள்தான். அவள் இன்னும் முடிக்கவில்லை, தேர்வை நிறுத்தினால் எல்லாம் மெல்ல வழுக்கிக் கீழே போகும் என்று உங்கள் அறையில் அரை மணி நேரம் சொன்னாள். கதவு திறந்திருந்தது, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போவதற்கு முந்தின நாள் தேக்கா சாப்பாட்டுக் கடையில் தோசை வாங்கிக் கொடுத்தேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"ஒரு பிடி விதைய எடுத்துட்டுப் போம்மா. உன் விதைதானே?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா, கம்பெனி விதை. அதோட இது இந்த மாடிக்குன்னே பிறந்தது. எங்க ஊர் வெயில் வேற. அங்க போய் முழிக்கும், பாவம்." அப்புறம் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "நீங்க சண்டை கிண்டை போடாதீங்க" என்றாள்.

போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் பேச்சின் வீடியோவை அவளுக்கு அனுப்பினேன். "நல்லாப் பேசுறார்" என்று பதில் வந்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று: "மூணாவது சுற்றப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" அவ்வளவுதான் கேட்டாள். தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பதை நான் துருவிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இதோடு விட்டிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் உங்கள் கதையை நீங்களே நம்பிவிட்டீர்கள். நாலாம் சுற்றுச் செடிகளில் கண்ணுக்கு அழகான ஒன்றை எடுத்து, தனியாக ஒரு வலைக்கூண்டில் பூட்டி, இதிலிருந்துதான் இனி விதை என்றீர்கள்.

"பாஸ், அந்தப் பொண்ணு இருபது வைப்பா."

"அண்ட்டி, பெஸ்ட்ல இருந்துதான் பெஸ்ட் வரும். காமன் சென்ஸ் லா."

பிரஷ்ஷால் நான் தினமும் தடவினேன், அந்தச் செடியின் பூவை அதே செடியின் பூவோடேயே. காய் வந்தது. போன வாரம் உரித்துப் பார்த்தேன். நீளமான காய், உள்ளே தூசி. பத்துக் காய்க்கு ஒரு விதை தேறவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சாய் சிம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதாம், வேறு செடியிலிருந்து வந்தால்தான் விதை பிடிக்குமாம். திட்டாமல், நிதானமாக, எந்தச் செடிகளை இனி சேர்க்கலாம் என்று அரை மணி நேரம் எனக்குச் சொன்னாள். சம்பளம் இல்லாமல். ஊரில் கரண்டு போயிருந்தது, விசிறிக்கொண்டே பேசினாள்.

ஃபிரிட்ஜில் நாலாம் சுற்று விதை அரை டப்பா மிச்சம் இருக்கிறது. விதைக்க விதைக்கக் குறைகிறது. என்னால் பிரஷ் பிடிக்க முடியும், ஸ்பூனால் அளக்க முடியும். எது தாய், எது இல்லை என்று அவள் பார்ப்பது போல எனக்குப் பார்க்கத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

வருகிற சனிக்கிழமை சுற்றியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்காரர்களுக்கெல்லாம் தோட்டத்தைத் திறந்துவிடுகிறீர்கள். மறுபடி மைக் இருக்கும். நானும் அங்கே இருப்பேன், அந்தக் காலிக் காய்களோடு. இருபது செடியையும் தட்டுக்கு அனுப்பியது யார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அவற்றைக் காப்பாற்றி, நாலு சுற்று கொண்டுவந்தவளை ஏன் அனுப்பினீர்கள் என்று சொல்லுங்கள். அவளைத் திரும்பக் கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா? அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை, மேடையில் நீங்கள் விழுங்கிய பெயர் அது. சனிக்கிழமை, மைக்கில், நீங்களே சொல்லுங்கள்.